குளக்கட்டில் பெண் பார்த்தது

பெண் பார்க்கிறதைக் கோயிலில் வைப்பதுதான் வழக்கம். என்னைக் குளம் நிரம்பி வழிந்து வான் பாயும் இடத்தில் வைத்துக் காட்டினார்கள். யோசனை ஐயாவுடையது. எங்கள் அப்பாவை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். ஐம்பதுகளில் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்துக் கிளிநொச்சிக்கு வந்தவர்கள் நாங்கள். வந்து சில வருடமாகியும் வீடு மண்சுவரும் கிடுகுக் கூரையுமாகத்தான் இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த இரண்டு சம்பந்தங்கள் படலையடியோடேயே திரும்பிப் போயிருந்தன. "காட்டுக்குள்ளை வந்து ஆர் பொம்பிளை எடுக்கிறது?" என்று ஒருத்தி என் காதுபடவே சொல்லிவிட்டுப் போனாள். வீட்டைக் காட்டுவதைவிட வானைக் காட்டலாம் என்று ஐயா முடிவெடுத்தார்.

மாரியில் குளம் நிரம்பி, மிச்சத் தண்ணீர் வான்கட்டின் மேலால் வழிந்து பள்ளத்தில் விழும். வான் பாய்கிறது என்று கேள்விப்பட்டால் போதும், யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து கார் பிடித்துக்கொண்டு சனம் வரும். குளக்கட்டு நெடுகக் கச்சான் கடலைக் கடையும் சோடாக் கடையும். தேத்தண்ணிக் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா ஒரு முதலை மண்டையோட்டின் வாயைத் தடி கொடுத்துப் பிளந்து வாசலில் வைத்திருந்தார். வருகிறவர்கள் அதற்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டு தேத்தண்ணி குடிப்பார்கள். கொஞ்சம் அப்பால் யானைகள் முதுகை உரஞ்சி உரஞ்சி மண் அப்பிய ஒரு பாலைமரம். அதையும் நின்று பார்க்காமல் ஒருவரும் போவதில்லை.

ஐயாவுக்கு இவையெல்லாம் கண்ணில் குத்தின. நானாவிடம் போய், "வாற ஞாயிறு மட்டும் உந்த மண்டையோட்டை ஒரு சாக்காலை மூடிவிடுங்கோ," என்று கேட்டுவிட்டு வந்தார். பிறகு வீட்டில் எங்களுக்குப் பாடம் நடந்தது.

"மலேரியாக் காய்ச்சலைப் பற்றிக் கதைக்கப்படாது. பாம்பு, யானை ஒண்டும் இஞ்சை இல்லை. போன வருசம் வான் தண்ணியிலை அள்ளுப்பட்ட பெடியன்ரை கதையை ஒருத்தரும் எடுக்கப்படாது. விளங்கிச்சோ?"

கடைசிக் கேள்வியை என்னைப் பார்த்துத்தான் கேட்டார். என் வாய் அவருக்குத் தெரியும்.

அந்தப் பெடியனும் வான் பார்க்க வந்தவன்தான். கட்டின் மேலால் நடந்து காட்டுகிறேன் என்று இறங்கினான். தண்ணீர் கணுக்காலளவுதான், ஆனால் நடுக்கட்டில் கல்லெல்லாம் பாசி. கீழே மரவேர்களுக்குள்ளிருந்துதான் அவனை எடுத்தார்கள்.

மாப்பிள்ளையும் தாயும் தமக்கையும் வாடகைக் காரில் வந்தார்கள். தாய் பாலைமரத்தடியில் நின்றுவிட்டா.

"இதென்ன மண்?"

"எருமை உரஞ்சினது," என்றார் ஐயா, கொஞ்சமும் கூசாமல்.

அவ அண்ணாந்து பார்த்தா. மண் அவவின் தலைக்கு மேலேயும் அப்பியிருந்தது. "இஞ்சத்தை எருமையள் நல்ல வளத்தி போலை," என்றா. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிமிர்ந்தால், மாப்பிள்ளையும் சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னையே பார்த்தபடி நிற்கிறார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. இதை மறைத்து எழுத இந்த வயதில் நான் யாருக்குப் பயப்பட வேண்டும்?

வான்கட்டுக்கு வந்ததும் அவர் செருப்பைக் கழற்றினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "அந்தக் கரைக்கு நடக்கலாமோ?" என்று ஐயாவைக் கேட்டார்.

ஐயாவின் முகம் கறுத்தது. ஆபத்து என்றால் அதுவரை சொன்னதெல்லாம் பொய்யாகிவிடும். "நடக்கிறவை நடக்கிறவைதான்..." என்று இழுத்தார்.

அவர் இறங்கினார். நான் ஐயாவைப் பார்த்தேன். ஐயா தண்ணீரைப் பார்த்தார். அம்மா சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு நின்றா. ஒரு சொல் சொன்னால் போதும், அந்த ஒரு சொல்லை அவர்கள் இருவரும் விழுங்கிக்கொண்டு நின்றார்கள். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் தலைநிமிர்வதே பிழை. அவர் ஒவ்வொரு அடியாக நடுக்கட்டுக்குக் கிட்டப் போய்க்கொண்டிருந்தார்.

"திரும்பி வாங்கோ! அங்காலை பாசி! போன வருசம் அதிலை ஒராள் செத்தவர்!"

குளக்கட்டில் நின்ற சனம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. அவரும் திரும்பினார். திரும்பும்போது கால் வழுக்கியது. முழங்காலில் விழுந்து, கல்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கிடந்தார். தண்ணீர் அவரைப் பள்ளத்துப் பக்கமாகத் தள்ளியது. ஐயா பாய்ந்து இறங்கிச் சால்வையை நீட்டினார். ஐயாவின் இடுப்பை நானா பிடித்துக்கொண்டார். இருவருமாக இழுத்துக் கரையில் போட்டார்கள்.

தாய் மகனின் தலையைத் துடைத்துவிட்டு என்னிடம் வந்தா. நன்றி சொல்லப் போகிறா என்றுதான் நினைத்தேன்.

"நீ கத்தினபடியாலைதான் பிள்ளை வழுக்கினவன்," என்றா.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் மாப்பிள்ளையைத்தான் பார்த்தேன். அவர் ஏதாவது சொல்லுவார் என்று காத்திருந்தேன். நடுங்கிக்கொண்டே போய்க் காரில் ஏறினார்.

அடுத்த கிழமை தரகர் வந்தார். காட்டைப் பற்றி அவர்களுக்கு ஒரு குறையும் இல்லையாம். யானை பார்க்கக் கிடைக்கவில்லையே என்றுதான் தாய்க்குக் கவலையாம்.

"இடமும் நல்லதாம், காணியும் நல்லதாம். பெட்டைக்குத்தான் தொண்டை கூடவாம்," என்றார்.

"மாப்பிள்ளை என்ன சொன்னவர்?" என்று நான் உள்ளேயிருந்து கேட்டேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தா.

தரகர் கொஞ்சம் தயங்கினார். "அவரும் அதைத்தான் சொல்லுறார், பிள்ளை."

வேண்டாம் என்று சொல்ல அவர் உயிரோடு இருந்தாரே, அது போதும் என்று இன்றைக்குச் சொல்லலாம். அன்றைக்கு அது போதவில்லை. எனக்கு அவர் உயிரோடும் வேண்டியிருந்தது, எனக்கென்றும் வேண்டியிருந்தது.