வரிசையின் கடைசியில்

முதலில் வந்த ரத்தத்தை நான் கவனிக்கவே இல்லை. அன்று அரக்குச் சிவப்புப் பட்டு நூலைத் தார் சுற்றிக்கொண்டிருந்தேன் (தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் சிறு குழலில் நூல் ஏற்றும் வேலை). இருமியபோது நூலில் ஏதோ ஈரம் பட்டது, சாயமென்று விட்டுவிட்டேன். மறுநாள் மஞ்சள் நூல். அதில் சிவப்பாகப் பட்டபோதுதான் ரத்தமென்று தெரிந்தது.

அதற்கு முன்பே சாயங்காலமானால் காய்ச்சல் வந்து போகும். ரவிக்கையெல்லாம் தொளதொளத்துவிட்டது. பட்டுத் தூசிதான் காரணம் என்று எனக்கு நானே வைத்தியம் சொல்லிக்கொண்டேன். இதைப் படிக்கிற உங்களில் யாராவது அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தால் இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். என்னைப் போல் கெட்டிக்காரியாக இருக்க வேண்டாம்.

சளியைச் சோதித்தார்கள். எக்ஸ்ரே (நெஞ்சுக்குள் எடுக்கும் படம்) எடுத்தார்கள். டாக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"டி.பி.தாம்மா. இப்ப மருந்து இருக்குது, பயப்படாதீங்க. ஆனா நடுவுல நிறுத்திட்டு எங்கிட்ட வந்து அழக் கூடாது."

"அழற ஆளு நான் இல்ல டாக்டர்," என்றேன். வெளியே வந்து தாழ்வாரத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

நான் விதவை. பிள்ளையார்பாளையத்தில் தம்பி வீட்டில் இருந்தேன். அவன் பின்பக்கத்து விறகு அறையைக் காலி செய்து கட்டில் போட்டுக் கொடுத்தான். அவன் மனைவி ஜெயா தட்டை வாசற்படியில் வைத்துவிட்டு, "அண்ணி, சோறு வச்சிருக்கேன்" என்று தள்ளி நின்று சொல்வாள். கைக்குழந்தைக்காரி, பயம் இருக்காதா? அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வலித்தது.

தார் சுற்றும் ராட்டையை, நூல் கொடுக்கும் முதலாளியின் ஆள் வந்து எடுத்துக்கொண்டு போனார். அறுந்த இழையை நாக்கில் விரல் தொட்டு முறுக்குவது எங்கள் கைப்பழக்கம். சீக்காளியின் எச்சில் பட்ட நூலில் கல்யாணப் புடவை நெய்வதா என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். நியாயந்தான். அன்று முதல் என் வாயே எனக்கு அருவருப்பாகிவிட்டது.

ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி (காசநோய்க் கிருமியை அடக்கும் மருந்து) போட்ட இடம் கல்லாகக் கட்டிக்கொள்ளும். எழுந்தால் தலை சுற்றும். மாத்திரைகளோ கை நிறைய, விழுங்கினால் குமட்டும். இதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். தனிமைதான் ஆளைத் தின்றது. பங்குனி உற்சவத்துக்குப் பெரிய காஞ்சிபுரமே தெருவில் நிற்கும். சுவருக்கு அந்தப் பக்கம் மேளமும் பேச்சும் கேட்கும். எனக்கு வாய் நீளம் என்று பெயர். சண்டை போடக்கூட ஓர் ஆள் இல்லாமல் படுத்துக் கிடந்தேன்.

அப்போதுதான் எங்கள் சபையின் ஐயர் (போதகர்) சைக்கிளில் வந்து இறங்கினார். எனக்கு எரிச்சலாக வந்தது. என் வீட்டுக்காரர் மஞ்சள் காமாலையில் கிடந்தபோது முழங்கால் தேயத் தேய ஜெபித்தவள் நான். அவர் போய்விட்டார். "இனி உங்க ஆண்டவர் மூஞ்சில முழிக்க மாட்டேன்" என்று கல்லறையிலேயே இந்த ஐயரிடம் சொல்லிவிட்டு வந்தேன். அதன்பின் சர்ச்சு வாசலை மிதிக்கவில்லை.

ஐயர் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"சாராளம்மா, ஆண்டவர் உங்கள கூப்பிட்டுக்கினேதான் இருக்காரு."

"என் காதுல விழலியே ஐயா."

"அப்ப திரும்பக் கூப்பிடுவாரு. அவருக்கு வேற என்ன வேலை?"

நான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். அவர் கொஞ்ச நேரம் இருந்து, வெயிலைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார். அடுத்த வாரமும் வந்தார். வராத வாரத்தில் நான் சைக்கிள் மணிக்குக் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். என் மானம் கெட்ட மனசே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

இரண்டு வருஷ மருந்து முடிந்தது. டாக்டர், "நெகடிவ்" (சளியில் கிருமி இல்லை) என்றார். "உங்களால யாருக்கும் ஒட்டாதும்மா. தாராளமா எல்லாரோடயும் பழகுங்க."

சொல்லிவிட்டார். தெரு கேட்க வேண்டாமா? முதலாளி வேறு ஆள் வைத்துவிட்டார். குழந்தை என்னிடம் ஓடி வந்தால் ஜெயா பதறி எடுத்துக்கொள்வாள். உடம்பு தேறிவிட்டது, ஆனால் மனிதர்கள் நடுவில் இனி எனக்கு இடமுண்டா என்பது தெரியவில்லை. எனக்கு அது ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது.

"ஞாயித்துக்கிழமை திருவிருந்து இருக்குது, வாங்க," என்றார் ஐயர் (சபையார் அப்பமும் திராட்சை ரசமும் பகிர்ந்துகொள்ளும் ஆராதனை).

"நல்லா இருக்குது ஐயா! கிண்ணம் ஒண்ணு. சபை பூரா அதுலதான் குடிக்குது. அதுல நானுமா?"

"டாக்டரே ஒட்டாதுன்னுட்டாரு. நீங்க வேற எதுக்குப் பயப்படறீங்க?"

போவதென்று முடிவு செய்தேன். மனசுக்குள் ஒரு கணக்கு வைத்துக்கொண்டுதான் போனேன்.

கடைசி பெஞ்சில் முக்காடு போட்டு உட்கார்ந்தேன். ஆண்கள் போனார்கள், பிறகு பெண்கள். எல்லோரும் வாங்கித் திரும்பும்வரை காத்திருந்து, கடைசி ஆளாகப் போய் முழங்கால் போட்டேன். எனக்குப் பின்னால் குடிக்க யாரும் இல்லை. யாருக்கும் என்னால் கெடுதல் வராது. அப்பம் தந்தார். கிண்ணத்தை என் உதட்டில் வைத்தார். திராட்சை ரசம் தொண்டையில் இறங்கியது.

வாங்கியதும் கண்ணை மூடிக்கொண்டே இடத்துக்குத் திரும்பி ஜெபிக்க வேண்டும் என்று என்னைச் சிறுவயதில் பழக்கியிருந்தார்கள். அதனால் அதன்பின் பீடத்தில் என்ன நடக்கும் என்று நான் பார்த்ததே கிடையாது. அன்று தலை சுற்றியதால் எழுந்திருக்காமல் அங்கேயே நிமிர்ந்து பார்த்தேன்.

ஐயர் பீடத்தருகே நின்று, கிண்ணத்தில் மீந்திருந்ததை வாயில் வைத்துக் குடித்தார். முழுவதும் குடித்தார். பிறகு தண்ணீர் விட்டு அலசி அதையும் குடித்தார். மீந்ததைக் கீழே ஊற்றக் கூடாது, போதகரே குடித்து முடிக்க வேண்டும் என்பது முறையாம்.

"ஐயோ, ஐயா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

அவர் குனிந்தார். "என்னம்மா?"

"அதுல என் வாய் பட்டுச்சே!"

"தெரியும். நான்தானேம்மா உங்க வாயில வச்சேன்," என்றார்.

அப்படியே முழங்காலில் இருந்தபடி அழுதேன். அழுகை நெஞ்சின் அடிவரை போய் வந்தது, இருமல் வரவில்லை. பின்னால் பாட்டுப் பாடி முடித்தார்கள், ஜனங்கள் வெளியே போனார்கள். ஊசிக்கு ஊசி, மாத்திரைக்கு மாத்திரை என்றே பொழுதை எண்ணிப் பழகியவள் நான். அன்று எவ்வளவு நேரம் அங்கே இருந்தேன் என்று தெரியாது. நிமிர்ந்தபோது ஐயர் அங்கியைக்கூடக் கழற்றாமல் முதல் பெஞ்சில் உட்கார்ந்து எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.