மாமா சொன்ன பால்பல்

மாமாவை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. இடது பக்கம் கீழே கடிக்கப் பல் இல்லை. அந்த ஆத்திரம் வேறு.

அப்போது நான் நாலாம் வகுப்பு. அப்பா மஸ்கட்டில் இருந்தார். அதனால் எங்கள் வீட்டு விஷயங்களைத் தீர்மானிக்கும் பொறுப்பை அம்மாவின் அண்ணன், யாரும் கேட்காமலே எடுத்துக்கொண்டிருந்தார். கொட்டாரத்தில் அவருக்கு உரக்கடை. நெல்லில் பூச்சி தென்பட்ட அன்றே மருந்தடிக்கணும், ஒரு நாள் தள்ளினாலும் வயல் போச்சு என்று கடைக்கு வருகிறவர்களை விரட்டுவார்.

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பல் டாக்டரம்மா வந்தார். என் கடைவாயில் ஒரு பல் சொத்தை. “பயப்படாத மக்கா. சொத்தையைச் சுரண்டிட்டு ஒரு சிமெண்ட் வச்சு அடைச்சிருவேன். கிருமியைக் கொல்லுற மருந்து அதுலயே கலந்திருக்கு. உள்ளே மிச்சம் மீதி இருந்தாலும் அது பாத்துக்கிடும்” என்றார். ஊசி கிடையாது, காசு கிடையாது. அவர் தந்த சம்மதத் தாளில் மறுநாள் வீட்டில் ஒரு கையெழுத்து வாங்கி வந்தால் போதும்.

அம்மா தாளை இரண்டு தடவை வாசித்தாள். பேனாவைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து மாமா வந்து தொலைத்தார்.

“என்னதுட்டி அது?” என்று தாளைப் பிடுங்கினார். “ஒன்பது வயசுப் பிள்ளைக்கு பால்பல்லுதான? விழப்போற பல்லுக்கு என்னத்துக்கு அடைப்பு? அவங்களுக்கு வேற சோலி இல்லியா?”

அது பால்பல் இல்லை, ஆறு வயதில் பால்பல்லுக்கெல்லாம் பின்னால் புதிதாக முளைத்த பல், போனால் திரும்ப வராது என்று டாக்டரம்மா சொன்னதை அப்படியே ஒப்பித்தேன்.

“ஏட்டி, வாயை மூடு” என்றார் மாமா. அம்மா பேனாவை மூடினாள்.

பூச்சி மருந்து விற்றுப் பிழைக்கிற மனுஷனுக்கு என் பூச்சிப்பல்லுக்கு மட்டும் மருந்து வேண்டாமாம்! வயலில் நிற்கிற நெல்லுக்கு இருந்த மரியாதைகூட எனக்கு இல்லை.

அடுத்த கோயில் கொடைத் திருவிழா அன்று கன்னம் பன்னு மாதிரி வீங்கிவிட்டது. வலியில் தரையில் உருண்டேன். மாமா வந்து பார்த்தார். “கொடை முடியட்டும். அதுவரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு” என்றார்.

“எந்தப் பல்லை?” என்று கேட்டேன். வீங்காத கன்னத்தில் ஒன்று விழுந்தது.

மறுநாள் விடிந்ததும் அம்மா யாரிடமும் கேட்காமல் என்னை நாகர்கோவிலுக்குப் பஸ் ஏற்றினாள். அடைக்கிற அளவுக்கு அங்கே பல் மிஞ்சியிருக்கவில்லை. பிடுங்குவதற்கு ஒரு தாள் நீட்டினார்கள், அம்மா உடனே கையெழுத்துப் போட்டாள். இப்போ மட்டும் போடத் தெரியுதாக்கும் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “நீங்களும் வாயை ஒருக்கா காட்டுங்களேன்” என்று டாக்டர் சொன்னதற்கு, அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினாள். சிரிக்கும்போதும் அப்படித்தான் பொத்துவாள். கூச்சம் என்று நினைத்திருந்தேன்.

பிடுங்கிய பல்லைப் பஞ்சில் பொதிந்து தரச் சொல்லி வாங்கிக்கொண்டாள். எதற்கென்று நான் கேட்கவில்லை.

போன வருஷம் நானே அவளை ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். ரொம்பக் கெஞ்சிய பிறகு வாயைத் திறந்தாள். கீழே இரண்டு பக்கமும் கடைவாயில் வெறும் ஈறுதான்.

“இது எப்பம்மா?”

“உனக்குப் பல்லு போன அதே வயசுலதான். பால்பல்லு, முளைச்சிரும்னு எங்கப்பா சொன்னாவ.”

அப்படியென்றால் அவளுக்குத் தெரியும். பேனாவை மூடும்போதே, என் பல் திரும்ப முளைக்காது என்று அவளுக்குத் தெரியும்! தெரிந்துமா மூடினாய் என்று அங்கேயே கத்தியிருப்பேன். அதற்குள் அவள் கை மறுபடியும் வாய்க்குப் போய்விட்டது.

அன்றைக்குப் பேனாவை மூடியதும் அதே கைதான். ஒன்பது வயதில் எனக்கு மாமா என் வாயை மூடச் சொன்னது மட்டும்தான் கேட்டது. அம்மாவின் வாயை எனக்கு முன்பே யாரோ மூடிவிட்டார்கள் என்பது தெரியவில்லை.