படித்துக் காட்டியவர்

போன செவ்வாய்க்கிழமை மதியம் அச்சரப்பாக்கத்திலிருந்து தணிகாசலத்தின் மகள் போன் செய்தாள். "ஆன்ட்டி, அப்பா காலையில போயிட்டாரு" என்றாள். டி.வி.யில் கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் போர் முடிந்துவிட்டதாகச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. முதலில் வந்தது நிம்மதி. பதினாறு வருடத்துக்கு முன் நான் செய்ததை அறிந்தவர்களில், எனக்குத் தெரிந்து இங்கே மிஞ்சியிருந்த ஒரே ஆள் போய்விட்டார் என்ற நிம்மதி. அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

செங்கல்பட்டில் எங்களோடு வருவாய்த் துறையில் வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் அவர் 'ஆமை'. கைநாட்டு வைக்க வந்தவரை உட்காரவைத்து, காகிதத்தை முதலிலிருந்து கடைசிவரை வாய்விட்டுப் படித்துக் காட்டாமல் மைப்பெட்டியைத் திறக்கமாட்டார். வரிசை வாசல்வரை நிற்கும். கேட்டால், "சட்டத்துல இல்லாட்டி இன்னாம்மா, அது ஒரு மருவாதி" என்பார். நானும் சேர்ந்துதான் கிண்டல் செய்திருக்கிறேன். வேலையில் மந்தம் என்றுதான் அவரைத் தூக்கியடித்தார்கள், பதவி உயர்வும் தரவில்லை என்று இன்றுவரை நம்புகிறீர்கள். அது பொய்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் அப்போது ஓர் அகதி முகாம் இருந்தது. இலங்கைத் தமிழர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும், ஒவ்வொருவரும் விரும்பித்தான் போகிறார்கள் என்று கையெழுத்து வாங்க வேண்டும் என எங்கள் இருவரையும் அனுப்பினார்கள். படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. ஆளுக்கொரு மேஜை. தணிகாசலம் வழக்கம்போல் தமிழில் படித்துக் காட்டி, "இஷ்டம் இல்லன்னா சொல்லு, எய்திக்கிறேன்" என்றார். முக்கால்வாசிப் பேர் இஷ்டமில்லை என்றார்கள். அதை அப்படியே எழுதிக் கீழே தன் கையெழுத்தையும் போட்டார்.

மதியத்துக்குள் மேலதிகாரி வந்துவிட்டார். "ரெண்டு கவர்மெண்டும் பேசி முடிச்சாச்சுய்யா. நாம வெறும் தபால்காரங்க" என்று கத்தினார். "தபால்காரன்கூட அட்ரஸ பாத்துத்தான் சார் குடுப்பான்" என்றார் இவர். அவரை எழுப்பிச் சுவரோரம் நிற்கவைத்துவிட்டு, அவர் வரிசையை என் மேஜைக்குத் திருப்பினார்கள்.

அதில் ஒரு பெண். பின்னால் காலை இழுத்து நடக்கும் புருஷன். "தங்கச்சி, இது எங்களைத் திருப்பி அனுப்புற பேப்பரோ? அங்க போனா இவரைப் பிடிச்சுக்கொண்டு போயிடுவினம்" என்றாள். அதிகாரி பக்கத்திலேயே நின்றிருந்தார். "இல்லம்மா, இது ரேஷன் பேப்பர். சீக்கிரம் போடுங்க" என்றேன். அவள் என்னை நம்பினாள். புருஷனையும் கூப்பிட்டுப் போடவைத்தாள். அடுத்த வாரமே கப்பலில் ஏற்றிவிட்டார்கள்.

கப்பல் போய் ஒரு மாதம் கழித்து, இஷ்டமில்லை என்று எழுதியதற்காகத் தணிகாசலத்தின் மேல் விசாரணை வந்தது. மற்ற மேஜையிலும் படித்துக் காட்டினார்களா என்று கேட்டார்கள். ரேஷன் பேப்பர் என்று நான் பொய் சொன்னதை ஒரு வார்த்தை சொல்லி, அது பதிவாகியிருந்தால் என் வேலை போயிருக்கும். "என் மேஜையில நடந்ததுதான் சார் எனக்குத் தெரியும்" என்று முடித்துக்கொண்டார். அவரை மாவட்டத்தின் மூலைக்கு மாற்றினார்கள்.

நன்றி சொல்லப் போனேன். பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் நின்றிருந்தார்.

"நன்றி கின்றில்லாம் வாணாம்மா. உன்ன மாட்டி வுட்டா அந்தப் பொண்ணு திரும்பி வந்துருமா?" என்றார். டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். "நானும் செவுத்துல சாஞ்சிகினு கேட்டுகினுதான இருந்தேன். ரெண்டு எட்டு வெச்சி, 'கையெழுத்துப் போடாத தாயி'ன்னு சொல்லிருக்கலாம். சொல்லல. பயந்துட்டேன்."

அதன் பிறகு, அங்கே குண்டு விழுந்த செய்தி வரும்போதெல்லாம் எனக்குப் போன் செய்வார். "பாத்தியா?" என்பார். "பாத்தேன் சார்" என்பேன். அவ்வளவுதான் பேச்சு.

அவர் நிதானத்தையும் நேர்மையையும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், அவருக்கு அது தகும். எனக்கு மிஞ்சியிருப்பது அவருடைய அந்த 'பயந்துட்டேன்' மட்டும்தான். போரை நடத்துகிறவர்கள் எங்கோ மேலே இருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே இத்தனை வருடம் தூங்கினேன். அன்றைக்கு அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தவள் நான். இனியாவது அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேட்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. படிவத்தின் முதல் வரியே அவள் பெயர்தான். நான் படிக்கவில்லை.