ஆற்றோரப் பாதையின் பூட்டு

எங்கள் ஊர் கண்ணாடிக்கடையின் பின்னறையில், லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தின் முன்னால் பாதி ஆயுளைக் கழித்தவள் அவள். முன்பக்கம் கண்ணைச் சோதித்து எழுதித் தரும் அளவுக்கு லென்ஸ் எடுத்து, ஃபிரேமின் வடிவத்துக்குத் தேய்த்து, ஓரத்தில் பிசிறு இல்லாமல் பொருத்திக் கொடுப்பாள். ஊருக்கே அவள் கண்ணாடிக்கார அக்கா. வாய் கொஞ்சம் நீளம். “மூக்குல சரியா உட்காராத கண்ணாடியையும் சொன்ன பேச்சைக் கேக்காத புருஷனையும் சூடு காட்டித்தான் வளைக்கணும்” என்பாள். அதற்கு முதலில் சிரிப்பது அவள் கணவர்தான். அவர் வயர்மேன். கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் திட்டு வாங்கியே உடம்பு தேறியவர் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

ஊர் முடியும் இடத்திலிருந்து பள்ளத்தாக்கு முழுக்க ஆற்றை ஒட்டியே ஒரு சரளைப் பாதை போகிறது. அதன் மேல் முனையில் கல்குவாரி. அந்தக் காலத்தில் டிப்பர் லாரிகள் ஜல்லியை ஏற்றிக்கொண்டு அந்த வழியாகத்தான் இறங்கும். ஒரு லாரி போனால் புழுதி அடங்குவதற்குள் அடுத்தது வந்துவிடும். அக்காவின் தங்கை பழம் பேக் செய்யும் கொட்டகையில் வேலை பார்த்துவிட்டு அந்தப் பாதையில் சைக்கிளில் வீடு திரும்புவாள். ஒரு நாள் வளைவில் லாரி அவள்மேல் ஏறியது. டிரைவர் பார்க்கவில்லை. அந்தப் புழுதியில் பார்த்திருக்கவும் முடியாது.

அக்கா அழுது ஓய்ந்ததும் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க ஆரம்பித்தாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடையிலிருந்து ஓடுவாள். கை முழுக்க லென்ஸ் தூளோடு அதிகாரி முன்னால் நிற்பாள். “இந்த அம்மா மறுபடியும் வந்துட்டாங்க” என்று சலித்துக்கொண்டவர்களே கடைசியில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். லாரிகள் மலையைச் சுற்றிப் போக வேண்டும், ஆற்றோரப் பாதையின் இரண்டு முனையிலும் இரும்புக் கேட் போட்டுப் பூட்ட வேண்டும், ஓரமாகச் சைக்கிள் நுழையும் அளவுக்கு மட்டும் இடைவெளி விட வேண்டும் என்று ஒருவழியாக முடிவானது.

சாவியைப் பற்றிப் பேச்சு வந்தபோது அதிகாரி, “கேட்டுக்குப் போடற வாட்ச்மேன்கிட்ட ஒண்ணு இருக்கட்டும். ஆஸ்பத்திரிக்கும் ஒண்ணு கொடுத்து வைப்போம்” என்றார்.

“வேண்டாம் சார். ஆம்புலன்ஸ் டிரைவரும் லாரி டிரைவரும் ஒரே டீக்கடையில உட்கார்றவங்க. ரெண்டு சாவி இருந்தா மூணாவது தானா முளைச்சிடும். ஒரே ஆள்கிட்ட இருக்கட்டும்.”

“அவசரம்னா என்னம்மா பண்றது?”

“வாட்ச்மேனுக்கு போன் பண்ணா வந்துடப் போறாரு. கூப்பிடு தூரம்தானே!”

அவளோடு வாதாடி ஜெயித்தவர் யாருமில்லை. அதிகாரி தலையாட்டிவிட்டார்.

லாரி நின்றதும் பாதை வேறு முகம் காட்டியது. புழுதி படிந்து வெளுத்திருந்த மரங்கள் இரண்டு மழைக்குப் பிறகு பச்சை தட்டின. ஆற்றின் சத்தம் பாதை நெடுகக் கேட்டது. பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் தடித்த டயர் போட்ட சைக்கிள்களோடு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வயர்மேனும் யாரோ ஓட்டித் தள்ளிய சைக்கிள் இரண்டை வாங்கி, செயின் மாற்றி, பிரேக் கட்டை மாற்றித் தேற்றினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் கிளம்பிவிடுவார்கள். தங்கை விழுந்த வளைவு வந்தால் மட்டும் அவள் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பாள். அவரும் இறங்கிக்கொள்வார்.

அப்படி ஒரு ஞாயிறு, பள்ளத்தாக்கின் நடுப்பகுதியில் அவள் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். பின்னால் சரளை அரைபடும் சத்தம் நின்றுபோனது. செயின் கழன்றிருக்கும் என்று நினைத்துத் திரும்பினாள். அவர் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

“என்னங்க, மூச்சு வாங்குதா?”

“நெஞ்சு மேல யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கு. ஒண்ணுமில்ல, நீ கத்தாதே” என்றார். அப்படியே ஒருக்களித்துச் சாய்ந்தார்.

ஆம்புலன்ஸுக்கு அழைத்து, போனைச் சரளைமேல் வைத்து, எதிர்முனையிலிருந்த பெண் சொல்லச் சொல்ல அவர் மார்பை அழுத்தத் தொடங்கினாள். அந்த வழியாக வந்த இரண்டு பேரில் ஒருவன் மண்டியிட்டு அவளுக்குக் கை மாற்றினான். மற்றவன் கேட்டை நோக்கிப் பறந்தான். கொஞ்ச நேரத்தில் போனில் குரல் மாறியது.

“அம்மா, வண்டி கேட்டுக்கு வந்துடுச்சு. பூட்டியிருக்கு. சாவி யார்கிட்ட?”

“வாட்ச்மேன்கிட்ட.”

“இங்க யாரும் இல்லையேம்மா. போனும் எடுக்க மாட்டேங்கறார்.”

“மேல் கேட்டுக்குப் போயிருப்பாரு” என்றாள். சொல்லும்போதும் அவள் கைகள் நிற்கவில்லை. மேல் கேட் பள்ளத்தாக்கின் அந்தக் கோடி. அங்கே சிக்னல் சரியாக எடுக்காது. இதெல்லாம் அவளுக்கு முன்னாலேயே தெரியும்.

ஆம்புலன்ஸ் ஆட்கள் சைக்கிள் இடைவெளிக்குள் புகுந்து ஸ்ட்ரெச்சரோடு ஓடி வந்தார்கள். சரளையில் ஸ்ட்ரெச்சரின் சின்னச் சக்கரங்கள் உருளவில்லை. தூக்கிக்கொண்டே ஓடினார்கள். அவளும் கூடவே ஓடினாள். கேட்டுக்கு வந்து சேர்ந்தபோது வாட்ச்மேனும் வந்துவிட்டிருந்தார். பூட்டைத் திறந்துகொண்டிருந்தார். அதற்குள் வயர்மேனுக்கு அது தேவையில்லாமல் போயிருந்தது.

ஆஸ்பத்திரியில் அவள் டாக்டரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“வண்டி உள்ளே வந்திருந்தா?”

சின்ன வயது டாக்டர். பொய் சொல்லத் தெரியவில்லை. “பிழைச்சிருக்கலாம்மா. பிழைக்காமலும் போயிருக்கலாம். உறுதியா சொல்ல முடியாது” என்றார்.

வெளியே நாத்தனார் நின்றிருந்தாள். சாவி விஷயம் அதற்குள் அவள் காதுக்குப் போயிருந்தது. “உன் தங்கச்சிக்காகப் பூட்டுன. என் அண்ணனுக்காகத் திறக்க முடியல இல்ல?” என்றாள். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கொஞ்ச நாளில் அலுவலகத்தில் கூட்டம் போட்டார்கள். குவாரி முதலாளியும் வந்திருந்தார். “அம்மாவோட துக்கத்துல நானும் பங்கு எடுத்துக்கறேன். இன்னொரு உயிர் இப்படிப் போகக் கூடாது. கேட்டை எடுத்துடலாம்” என்றார். பலரும் தலையாட்டினார்கள். எல்லோர் கண்ணும் அக்காவின் பக்கம் திரும்பியது.

அவள் எழுந்தாள். “ஆஸ்பத்திரிக்கு ஒரு சாவி கொடுக்கலாம்னு இந்த சார் அன்னைக்கே சொன்னாரு. நான்தான் வேண்டாம்னேன். தப்பு என்னோடது. கேட் மேல பழி போடாதீங்க. என் தப்பைச் சாக்கா வச்சு மறுபடியும் லாரி விடாதீங்க.”

பின்வரிசையில் இருந்த நாத்தனார் நாற்காலி சத்தம் கேட்க எழுந்து வெளியே போய்விட்டாள்.

கேட் நின்றது. ஆம்புலன்ஸுக்கு ஒரு சாவி, தீயணைப்பு நிலையத்துக்கு ஒரு சாவி போனது. நாத்தனார் அதன்பிறகு ஒரே ஒரு முறைதான் அந்த வீட்டு வாசலுக்கு வந்தாள். “அண்ணன் சைக்கிளைக் கொடு” என்றாள். அக்கா துடைத்து, காற்றடித்துக் கொடுத்தாள். அது இப்போது நாத்தனார் வீட்டு வராந்தாவில் கிடக்கிறது. அதை ஓட்ட ஆளில்லை. பேச்சுவார்த்தையும் இல்லை.

அக்கா பின்னறைக்குத் திரும்பினாள். வேலையில் குறை வைக்கவில்லை. ஆனால் சூடு காட்டி வளைக்கும்போது சொல்லும் அந்தப் பேச்சை யாரும் அவளிடமிருந்து பிறகு கேட்கவில்லை. டாக்டர் சொன்ன இரண்டு ‘கலாம்’களில் எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் இரண்டையும் சுமந்துகொண்டிருந்தாள்.

வெகு நாள் கழித்து ஒரு ஞாயிறு, தனியாகச் சைக்கிளை எடுத்தாள். வளைவில் இறங்கி நடந்தாள். நடுப்பகுதிக்கு வந்ததும் மறுபடியும் இறங்கினாள். அங்கே ஓர் இளம் ஜோடி சைக்கிள்களைச் சாய்த்துவிட்டு ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பெண் போனை நீட்டி, “அக்கா, எங்களை ஒரு போட்டோ எடுக்கறீங்களா?” என்று கேட்டாள். அக்கா எடுத்துக் கொடுத்தாள்.

“எவ்வளவு அமைதியா இருக்குல்ல, அக்கா!”

“ஆமாம்மா. இங்க வண்டி எதுவும் வராது” என்றாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத்தான் ஏறினாள்.