அத்தை கடைந்த பருப்பு

அம்மாவுக்கு மூன்றாவது கீமோ முடிந்த வாரம், எங்கள் வீட்டில் யாரோ ரகசியமாக முட்டை தின்கிறார்கள் என்பதைக் கண்டுபிடித்தேன். பின்பக்கம் செம்பருத்திச் செடியின் அடியில், செய்தித்தாளில் சுற்றிய முட்டை ஓடுகள் புதைந்து கிடந்தன. எனக்கு அப்போது ஒன்பது வயது.

மற்ற வீடுகளில் அது ஒரு விஷயமே இல்லை. எங்கள் வீட்டில் அப்போது குற்றம். துணைக்கு இருக்கக் காங்கேயத்திலிருந்து கோவைக்கு வந்திருந்த அத்தை, அப்பாவின் அக்கா, அம்மா குணமாகும்வரை வீட்டுக்குள் கவுச்சி நுழையாது என்று சென்னிமலை முருகனுக்கு வேண்டியிருந்தாள். முட்டையும் கவுச்சிதான்.

ஆஸ்பத்திரியிலோ, தினம் இரண்டு முட்டை நன்றாக வேகவைத்துக் கொடுக்கச் சொல்லிச் சீட்டே எழுதிக் கொடுத்திருந்தார்கள். இன்னும் எடை குறைந்தால் அடுத்த மருந்தைத் தள்ளிப்போட வேண்டிவரும் என்றார் டாக்டர். அப்பா சீட்டைக் காட்டினார். அத்தை இரண்டு முறை படித்துவிட்டு ஃப்ரிட்ஜின் மேல் வைத்தாள். அத்தையின் வேண்டுதல் கெட வேண்டாம் என்று அம்மாவே சொல்லிவிட்டாள்.

அம்மாவால் எதையும் சாப்பிட முடியவில்லை. வாயில் இரும்பை வைத்தது போல இருக்கிறதாம். மூக்கு மட்டும் கூர்மையாகிவிட்டது. மூன்றாவது வீட்டில் கடுகு தாளித்தால் இங்கே ஓங்கரிப்பாள். நான் பள்ளியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே, யாருடைய டப்பாவில் ஊறுகாய் தின்றாய் என்று கேட்பாள்.

என் சந்தேகம் அப்பா மேல். அம்மா மெலிந்துகொண்டே போக, அவர் கன்னம் அப்படியே இருந்தது. அவர் தூங்கும்போது விரல்களை முகர்ந்து பார்த்தேன். சோப்பு வாசனை வந்தது. அதனால் சந்தேகம் உறுதியானது. சாமி கோபித்துக்கொண்டால் அம்மா செத்துப்போவாள் என்று பயந்து அத்தையிடம் சொன்னேன்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை. "அப்பனை ஒண்ணும் கேக்காத கண்ணு. நான் பாத்துக்கறேன்."

மறுநாள் செம்பருத்தியடியில் ஓடு இல்லை. முருங்கையடியில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, அப்பாவைக் கையும் களவுமாகப் பிடிக்கச் சமையலறையில் கிரைண்டருக்குப் பின்னால் உட்கார்ந்தேன். வந்தது அத்தை. அரிசி டிரம்முக்குள் கைவிட்டு இரண்டு முட்டைகளை எடுத்து, பழைய பால் குண்டாவில் வேகவைத்தாள். உரித்து, டீ வடிகட்டியில் தேய்த்து மாவாக்கி, அம்மாவின் பருப்பில் போட்டு மத்தால் கடைந்தாள். பூண்டும் சீரகமும் வழக்கத்தைவிட அதிகம். திரும்பியபோது என்னைப் பார்த்துவிட்டாள்.

கொஞ்ச நேரம் மத்தைக் கழுவினாள். பிறகு, "சாமி என்னையக் கேக்கட்டும். நீ அம்மாகிட்டச் சொல்லிப்போடாத," என்றாள்.

அன்று அம்மாவின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் கவளத்தை வாய்க்கருகில் கொண்டுபோனவள் ஒரு கணம் நிறுத்தினாள். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள்.

"பருப்பு நல்லாருக்குதுங்க அண்ணி. தினமும் இதையே செய்ங்க."

அத்தை என் பக்கம் பார்க்கவில்லை. அடுத்த முறை ஆஸ்பத்திரியில் எடை பார்த்தபோது குறையவில்லை. மருந்து குறித்த நாளில் ஏறியது. எனக்கோ அத்தை மேல் சந்தேகம் தீரவில்லை. சாமியை ஏமாற்றுகிறவள் வேறு யாரைத்தான் ஏமாற்றமாட்டாள்?

சிகிச்சை முடிந்து சில மாதங்கள் கழித்துச் சென்னிமலைக்குப் போனோம். அத்தை மொட்டை போட உட்கார்ந்தாள். காரணம் அவளுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும் என்று நினைத்தேன். அவள் எழுந்ததும், அதே இடத்தில் அம்மா உட்கார்ந்தாள். அவளுக்கு அப்போதுதான் இரண்டு விரற்கடை முடி வளர்ந்திருந்தது.

"உனக்கெதுக்கு அம்மணி?" என்று பதறினாள் அத்தை.

"எனக்கும் இருக்குதுங்க அண்ணி," என்று அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

இரண்டு மொட்டைத் தலைகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முட்டை கடைந்தது அத்தை, அம்மா எதற்கு மொட்டை போட வேண்டும் என்று மலையிறங்கும்வரை யோசித்தேன். மூன்றாவது வீட்டுத் தாளிப்பைக் கண்டுபிடித்த அந்த மூக்கு அன்று என் நினைவுக்கு வரவில்லை.