சாவிக்கொத்தில் தொங்கிய ரயில் வில்லை

ஞாயிறுதோறும் ஈப்போ பழைய சாமான் சந்தையில் நான் குப்பை பொறுக்குகிறேன் என்பாள் மனைவி. நான் பொறுக்குவது ரயில் வில்லைகள். அந்தக் காலத்தில் பயணி தன் பெட்டியைச் சாமான் வண்டியில் ஏற்றினால், ஸ்டேஷன்காரர்கள் ஒரே எண் பொறித்த இரண்டு பித்தளை வில்லைகளை எடுப்பார்கள். ஒன்று பெட்டியில் தொங்கும், மற்றது பயணியின் கைக்கு வரும். இறங்கும் ஊரில் அதைத் திருப்பிக் கொடுத்தால்தான் பெட்டி கிடைக்கும். தைப்பிங் ஈயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக முதல் தண்டவாளம் போட்ட கதையிலிருந்து, எந்த ரயில்வே எந்த எழுத்தைப் பொறித்தது என்பதுவரை, கேட்காதவர்களையும் உட்காரவைத்துச் சொல்வேன்.

சுங்கை சிப்புட்டில் எழுபத்தைந்து வயது அக்கா ஒருவரின் சாவிக்கொத்தில் அப்படி ஒரு வில்லை இருப்பதாகக் கேள்விப்பட்டு, மோட்டார் சைக்கிளில் ஓடினேன். என்னிடம் இல்லாத ரகம். கை பரபரத்தது.

"அம்மா வச்சிருந்தது. வேணும்னா எடுத்துக்குங்க தம்பி, சாவிக்கு வேற வளையம் இருக்குலா," என்றார்.

வாங்கிக்கொண்டு கிளம்பியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? இரண்டு வில்லைக் கதையை ஆரம்பித்துவிட்டேன்.

"அப்ப, இது வீட்டுல இருக்குன்னா?"

"பெட்டி கைக்கு வரலக்கா. வந்திருந்தா இத அங்கேயே வாங்கியிருப்பாங்க."

அக்கா வில்லையோடு கையை மூடிக்கொண்டார்.

அவருடைய அம்மா, ஜப்பான்காரன் மலாயாவைப் பிடிப்பதற்குச் சற்று முன் கல்யாணமாகி, வேறொரு எஸ்டேட்டிலிருந்து ரயிலில் வந்தவர். சீர்ப்பெட்டி ரயிலில் தொலைந்துவிட்டது என்று சாகும்வரை சொன்னாராம். யாரும் நம்பவில்லை. 'வெறுங்கைய வீசிக்கிட்டு வந்தவ' என்று மாமியார் வீட்டில் வைத்த பெயர் கடைசிவரை ஒட்டிக்கொண்டது. சிம்பாங் பூலாயில் இருக்கும் அண்ணன் இன்றும் விருந்துகளில் அதைச் சொல்லிச் சிரிக்கவைப்பாராம்.

"நானும் சிரிச்சிருக்கேன் தம்பி. அம்மா முன்னாடியே."

பிறகு அண்ணனுக்குப் போன் போட்டார். "அண்ணே, அம்மா பெட்டியோடதான் வந்திருக்கு. இனிமே அந்தப் பேச்சு வேணாம்," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

வில்லையை நான் கேட்கவில்லை. ஆசை இல்லாமல் இல்லை, வெட்கமாக இருந்தது.

வீட்டுப் படியேறும்போதே மனைவி கேட்டாள், "என்ன, வெறுங்கைய வீசிக்கிட்டு வாரீங்க?"