பொஸ்ரன் தேநீர் விருந்துக்குப் போனோம்

எழுத்துகள் கோட்டுக்கு மேலும் கீழும் ஓடுவதை வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். கொழும்புத் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டி சுமந்த கைக்குப் பேனையின் பாரம் போதவில்லை. மெல்பேர்ண் ஸ்பிரிங்வேலுக்கு வந்த பிறகுதான், குசினி மேசையில் வைத்து, என் மனைவி பாக்கியம் எனக்கு எழுத்துச் சொல்லித் தந்தாள். நானாக வாசித்து முடித்த முதல் விளம்பரம் இந்தக் கையெழுத்துப் பத்திரிகையில்தான் வந்தது: “பொஸ்ரன் தேநீர் விருந்து. சிட்னி, படகுத்துறை மண்டபம். சனி காலை பத்து மணி. அனைவரும் வருக.”

பொஸ்ரன் யாரோ பெரிய மனிதர், நம்மையும் அழைக்கிறார் என்று விளங்கிக்கொண்டேன்.

“ஆரப்பா அந்தப் பொஸ்ரன்? தாங்கோ, நான் ஒருக்கா வாசிக்கிறன்,” என்றாள் பாக்கியம்.

“தரமாட்டன். நான் வாசிச்சது சரி. விருந்துக்கு வெறுங்கையோட போறேல்லை. பயற்றம் பணியாரம் சுடும்.”

“சுடுறன். ஆனால் பிழையெண்டால் இனிப் பத்திரிகை என்ர கையில. நான் வாசிக்க நீங்கள் கேட்டுக்கொண்டு இருக்கவேணும்.”

வாழ்நாள் முழுவதும் பிறர் வாயைப் பார்த்திருந்தவன் நான். ஆனாலும் துணிந்து ஒப்புக்கொண்டேன்.

மெல்பேர்ணிலிருந்து சிட்னி ஏறக்குறைய 960 கிலோமீற்றர். வெள்ளி மாலை ரயில் ஏறினால் சனி காலை இறங்கலாம். சிட்னி செவன் ஹில்ஸில் வசிக்கும் குகன், பாக்கியத்தின் தமக்கை மகன், நிலையத்தில் காருடன் நின்றான். கார் ஓடத் தொடங்கியதும் பாக்கியத்தின் மடியில் இருந்த தகர ரின்னைக் கண்டான்.

“சித்தப்பா, ரின்னுக்குள்ள என்ன?”

“பொஸ்ரனுக்குப் பணியாரம்.”

சிரித்த சிரிப்பில் அவன் காரை ஓரங்கட்ட வேண்டியதாயிற்று. “ஐயோ, பொஸ்ரன் ஆளில்லை, ஊர்! அமெரிக்காவில பழைய துறைமுகம். அங்க தேயிலையைக் கடலுக்குள்ள கொட்டினதைத்தான் பகிடியாத் தேநீர் விருந்து எண்டு சொல்லுறவை. இஞ்ச படம்தான் வச்சிருக்கினம்.”

 பாக்கியம் கையை நீட்டினாள். பத்திரிகையைக் கொடுத்தேன்.

அமெரிக்கா சுதந்திரம் பெற்று இருநூறு ஆண்டு என்பதற்காக வைத்த கண்காட்சி அது. ஓர் அமெரிக்கப் பெண் விளக்க, குகன் தமிழில் சொன்னான். பொஸ்ரன் மக்களைக் கேளாமலே பிரித்தானியர் தேயிலைக்கு வரி போட்டார்கள். ஓர் இரவு ஊரார் மூன்று கப்பல்களில் ஏறி, முந்நூற்று நாற்பத்திரண்டு பெட்டிகளை உடைத்துக் கடலில் கொட்டினார்கள். கோபத்தில் அரசு துறைமுகத்தையே பூட்டியது. வேலையின்றித் தவித்த ஊருக்கு மற்ற ஊர்கள் அரிசியும் மீனும் ஆடும் அனுப்பின. அந்தக் கோபம் வளர்ந்துதான் போரும் சுதந்திரமும் வந்தன.

பெட்டியைக் கோடரியால் பிளக்கும் படத்தின் முன்னால் அதிக நேரம் நின்றேன். மூலை இடிபடாமல் இறக்கிப் பழகிய தோள் சும்மா இருக்குமா?

“எங்கட தேயிலையோ எண்டு கேள்,” என்றேன்.

“இல்லையாம். சீனத் தேயிலையாம்.”

பெரிய ஆறுதல்.

அந்தப் பெண் ரின்னைக் காட்டி ஏதோ கேட்டாள். குகன் முழுக்கதையும் சொல்லிவிட்டான். அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போய்க் கேத்தலில் தண்ணீர் வைத்தாள். வந்திருந்த எல்லோருக்கும் தேநீர் வந்தது. பாக்கியம் ரின்னைத் திறந்தாள். பணியாரம் கைமாறிக் கைமாறிப் போயிற்று.

அந்தப் பெண் குகனிடம் ஏதோ சொன்னாள். “என்ன சொல்லுறா?” என்றேன்.

“இவ்வளவு காலமும் பேர்தான் விருந்தாம். இண்டைக்குத்தான் தேத்தண்ணி குடிக்கிறமாம்.”

பாக்கியம் பத்திரிகையை மடித்து என் சட்டைப் பையில் வைத்தாள். “சரி, சரி. வாசிச்சது பிழையில்லை.”

போக விரும்புவோருக்கு: ரயிலில் குளிரும், போர்வை கட்டாயம். மண்டபம் படகுத்துறையில் இறங்கியதும் கண்ணில் படும். கண்காட்சி இந்த மாதம் முழுவதும் உண்டு. அடுத்த கிழமை சிட்னிப் பாலத்தைப் பற்றி எழுதுகிறேன், எழுத்தும் கொஞ்சம் நேராக வரும். பத்திரிகை ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். அந்த விளம்பரத்தைத் திரும்பப் போட்டால் ‘படக் கண்காட்சி’ என்று திருத்திவிடாதீர்கள். பிறகு எல்லோரும் வெறுங்கையோடு போய்விடுவார்கள்.